முதல் உப்பு மூட்டை

லாரி வந்து நின்றதும் சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு லாரி இறக்கத் தெரிந்துவிடும். அதுவரை காபிக் கடை பெஞ்சில் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எந்தக் கயிற்றை முதலில் அவிழ்ப்பது, எந்த மூட்டையை முதலில் சாய்ப்பது என்று எனக்கே சொல்லுவான். அவன் ஆயுசில் தூக்கிய பெரிய பாரம் சந்தையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோன கத்தரிக்காய்ப் பையாக இருக்கும். யோசனை சொல்வதற்கு மட்டும் யாருக்கும் முதுகு வலிப்பதில்லை.

நான் யுத்தம் முடிகிற சமயத்தில் ஸ்டியரிங் பிடித்தவன். லாரிக்குப் பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டிய காலமும் எனக்குத் தெரியும். பிறகு பெட்ரோல் தாராளமாக வந்த காலமும் தெரியும். தூத்துக்குடியில் லோடு ஏற்றிக்கொண்டு எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை வழியாக எங்கள் ஊருக்கு வந்து இறக்குவதுதான் பிழைப்பு. ஓட்டுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ரோடு போகிறபடி போனால் ஊர் வந்துவிடும். இறக்குகிற இடத்தில்தான் மனிதர்களின் லட்சணம் தெரியும்.

இறக்குவதிலும் பெரிய வித்தை இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைக்க வேண்டும். கயிற்றை இரண்டு பக்கமும் சமமாகத் தளர்த்த வேண்டும். பின்பலகையைத் திறக்கும்போது அதற்கு நேரே நிற்கக் கூடாது. லோடு வழியெல்லாம் குலுங்கி வந்து அந்தப் பலகைமேல்தான் சாய்ந்துகொண்டிருக்கும். பிறகு மேலே இருப்பதை முதலில் எடுத்து, கீழே இருப்பதைக் கடைசியில் எடுக்க வேண்டும். சோற்றுப் பானையில் எல்லோரும் மேலாகத்தான் அள்ளுகிறார்கள். லாரிப் பக்கம் வந்தால்தான் அந்த அறிவு எங்கேயோ ஓடிவிடுகிறது.

ரத வீதியில் ஒருவர் மளிகைக் கடை திறந்தார். அவர் வியாபாரக் குடும்பத்தவர் இல்லை. குளத்துப் பாசனத்தில் வயல் உள்ள வீட்டுக்காரர். நெல்லை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலே காலம் போயிருக்கும். மளிகையில் கை வைத்தால் மண்ணும் பொன்னாகும் என்று யாரோ ஏற்றிவிட்டார்கள். வெற்றிலைச் செல்லத்தைக்கூட ஒருவன் தூக்கிக்கொண்டு பின்னால் வர வேண்டும் அவருக்கு. ஜோசியரைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார் என்று ஊரில் சொல்லுவார்கள்.

புதுக் கடைக்கும் புது வீட்டுக்கும் முதலில் உப்பும் மஞ்சளும் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. சின்னப் பானையில் உப்பைப் போட்டு, வீட்டுப் பெண் ஒருத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் முடிந்தது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இவருக்கு அது போதவில்லை. கடைக்கென்று வாங்கிய சரக்கிலிருந்தே ஒரு முழு உப்பு மூட்டை லாரியை விட்டு இறங்கி, நேராக ஆள் தலையில் ஏறி, நாதஸ்வரம் முன்னே போக உள்ளே நுழைய வேண்டுமாம். அந்த மூட்டையைச் சுமக்கிறவனுக்குச் சந்தனம் பூசி, தோளில் புதுத் துண்டு போடுவாராம். சாமிக்காக அல்ல, ஊர் பார்ப்பதற்காக.

உப்பு கசிகிற சரக்கு. மற்றதற்கு மேலே வைத்தால் சொட்டிச் சொட்டிக் கருப்பட்டியையும் வத்தலையும் நாசமாக்கிவிடும். ஆகையால் உப்பு மூட்டை எப்போதும் அடி வரிசையில்தான் இருக்கும். இந்த விழாவைப் பற்றி எனக்கு முன்பே ஒரு வார்த்தை வந்திருந்தால் ஒரே ஒரு மூட்டையைப் பின்னால் தனியாகப் போட்டுக் கொண்டுவந்திருப்பேன். அவர் ஜோசியருக்குச் சொல்லியிருந்தார், மேளக்காரருக்குச் சொல்லியிருந்தார், ஊரில் நாலு பெரிய மனிதர்களுக்கும் சொல்லியிருந்தார். லாரிக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இறக்குவதற்கு வந்த சுமைக்காரர்களில் ஒருவன் என் தங்கை புருஷன். பனவடலிசத்திரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்தான். வானம் ஏமாற்றிக்கொண்டே இருந்ததால் நிலத்தைப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து மூட்டை தூக்கினான். நல்ல பலசாலி. பலத்தைவிட வாய் பெரிது. மீசைக்கு எண்ணெய் போடாமல் வேலைக்கு வரமாட்டான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவான். என் தங்கையும் இரண்டு பிள்ளைகளும் அவன் இரண்டு காலை நம்பித்தான் கஞ்சி குடித்தார்கள். அதை அவன் ஒருநாளாவது நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவன் நினைப்பெல்லாம் அந்தப் புதுத் துண்டின்மேல் இருந்தது.

அது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். கழுகுமலை தாண்டியதும் டயர் பஞ்சராகி, நான் வந்து சேர்ந்தபோது நல்ல நேரத்தில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. முதலாளி கடைவாசலில் பட்டு வேட்டியோடு, இடுப்புக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் தெருவின் பாதியை அடைத்து மாக்கோலம், சுற்றிலும் செங்காவி. நான் லாரியைப் பின்னுக்கு ஓட்டி வாசலுக்குக் கொண்டுவந்தேன். அந்த இடத்தில் தெரு கடைப் பக்கமாகச் சரியும். இறங்கி, சீட்டுக்கு அடியில் வைத்திருந்த கல்லை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கிட்டே போனேன்.

"வே டிரைவரே, கோலத்துல கல்லப் போடாதேயும். வெள்ளிக்கெழமையும் அதுவுமா."

நான் கீழே பார்த்தேன். கோலத்தின் தாமரைப்பூவில் பாதியை ஏற்கெனவே லாரிச் சக்கரம் மிதித்துக்கொண்டு நின்றது. அவ்வளவு பெரிய டயர் நிற்கலாம், ஒரு கல் நிற்கக் கூடாது. வாசல் தெளித்த பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், ஏதோ நான் கோவிலுக்குள் செருப்போடு வந்தவன் போல. கல்லைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வண்டியைக் கியரில் போட்டு, கை பிரேக்கை முடிந்த மட்டும் இழுத்துவிட்டேன். அந்தப் பிரேக்கின் யோக்கியதை எனக்குத் தெரியும். அதை அவருக்கும் சொன்னேன். அவர் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

உப்பு அடியில் இருக்கிறது, மேலே உள்ள அரிசியும் பருப்பும் இறங்கிய பிறகுதான் அது வரும் என்று சொன்னேன். அவசரம் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு படி உப்பு வாங்கி உள்ளே கொண்டுபோகட்டும் என்றும் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. கூடியிருந்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு வழி சொல்ல ஆரம்பித்தார்கள். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர், நடுவிலிருந்து ஒரு மூட்டையை உருவினால் மற்றது தானாக உட்கார்ந்துகொள்ளும் என்றார். அவர் உருவியதெல்லாம் காகிதக் கட்டிலிருந்து ஒரு காகிதமாக இருக்கும். சுமைக்காரர்களில் மூத்தவனாவது மறுப்பான் என்று பார்த்தேன். நாங்கள் பார்க்காத லோடா என்று அவனும் தலையை ஆட்டினான்.

என் மாப்பிள்ளை கொக்கியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

"மச்சான், நீரு பேசாம இரும். மேல ரெண்டு பேரு அண்டக் குடுத்தாப் போதும். அடி மூட்டைய நான் உருவிருதேன்."

"மாப்ளே, ஒரு துண்டுக்காகக் கால விட்றாத" என்றேன்.

அவன் சிரித்தான். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டான். பலகையைத் திறந்தார்கள். இரண்டு பேர் மேல் மூட்டைகளுக்குத் தோள் கொடுத்து நின்றார்கள். இவன் லாரிக்குப் பின்னால் தரையில் நின்று, அடியில் இருந்த உப்பு மூட்டையில் கொக்கியை மாட்டி, ஒரு காலை வண்டியில் உதைத்துக்கொண்டு இழுத்தான். மூட்டை வந்தது. வண்டியும் ஒரு சாண் பின்னால் வந்தது. தோள் கொடுத்தவர்கள் நல்ல புத்தியோடு குதித்து ஓடினார்கள். மேலே இருந்த அரிசி மூட்டைகள் அத்தனையும் இவன்மேல் சரிந்தன.

அவன் போட்ட சத்தம் இன்னும் எனக்குக் காதில் கேட்கிறது. ஆனால் அன்று தெருவில் இருந்தவர்களுக்கு அது சரியாகக் கேட்டிருக்காது. நல்ல காரியம் நடக்கும்போது கெட்ட சத்தம் காதில் விழக் கூடாது என்று கெட்டிமேளம் கொட்டச் சொல்லிக் கையைக் காட்டினார் முதலாளி. மேளக்காரர்களும் கொட்டினார்கள். நானும் இரண்டு பேரும் மூட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம், தவில் காதைப் பிளக்கிறது. அந்த மேளத்துக்கு நடுவே, உப்பு மூட்டையைத் தூக்குங்கள், நேரம் போகிறது என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். சுமைக்காரர்களில் மூத்தவன் அந்த மூட்டையைத் தலையில் ஏற்றி, கீழே கிடந்தவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். அவனுக்குச் சந்தனம் பூசினார்கள். புதுத் துண்டையும் அவன் தோளில்தான் போட்டார்கள்.

நல்ல நேரத்துக்குள் உப்பு உள்ளே போய்விட்டது என்று எல்லோருக்கும் பரம திருப்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தவிலைக் கிழித்திருப்பேன். மாப்பிள்ளையின் கால் முழங்காலுக்குக் கீழே தனியாகத் திரும்பிக் கிடந்தது. அவனை ஒரு மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் கட்டியதை நாட்டு எலும்பு வைத்தியர் அவிழ்த்தார். முட்டையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து அவர் ஒரு கட்டுக் கட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்றார்கள். கால் இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் கோணலாகவே கூடியது.

மறுநாள் முதலாளி வீட்டிலிருந்து என் தங்கைக்கு ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் உப்பும் இரண்டு மஞ்சள் கிழங்கும். கடை திறந்த மங்கல உப்பாம், சுகமாகட்டும் என்று கொடுத்தனுப்பினாராம். அதைச் சாக்கடையில் கொட்டச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. உப்புமேல் என்ன கோபம், முதலில் இறங்க வேண்டும் என்று அது யாரையும் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டு உப்புச் சட்டியில் போட்டுக்கொண்டாள். அந்த விவகாரத்தில் புத்தியோடு பேசியது அவள் ஒருத்திதான்.

மூட்டை தூக்குகிற பிழைப்பு அத்தோடு போயிற்று. மாப்பிள்ளை கம்பை ஊன்றி நடந்து, லாரி இறங்குகிற இடங்களில் கிழிந்த சாக்குகளைத் தைக்க உட்கார்ந்தான். கோணி ஊசியும் சணல் கயிறும்தான் கைமுதல். என் தங்கை மிளகாய் வத்தல் கிடங்கில் காம்பு கிள்ளப் போனாள். காலோடு வாயும் ஒடிந்திருக்கும் என்று பார்த்தால் அது மட்டும் முன்போலவே இருந்தது. கருவேல மரத்தில் இரண்டு கட்டைகளைச் செதுக்கி, கயிறு கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவான். என் லாரி எங்கே நின்றாலும் சக்கரத்துக்கு அவன்தான் கட்டை கொடுப்பான். அவன் கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, திறக்கலாம் என்று சொன்ன பிறகுதான் நான் பின்பலகையைத் திறப்பேன். எந்த முதலாளி கடிகாரத்தைக் காட்டினாலும் இதுதான் என் வண்டியில் சட்டம்.

சில வருஷம் கழித்து அதே மனிதர் தேரடிக்குப் பக்கத்தில் இரண்டாவது கடை திறந்தார். முதல் கடை நன்றாகவே நடந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு நடக்கத்தானே செய்யும். தை மாதம், புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அவருக்கும் கொஞ்சம் படிப்பினை வந்திருந்தது. உப்பு மூட்டை ஒன்றைத் தனியாகப் பின்பலகையை ஒட்டி வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். ஒருவன் காலை ஒடித்து அவர் கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவுதான். கோலம் இருந்தது, நாதஸ்வரம் இருந்தது, தாம்பாளத்தில் புதுத் துண்டும் இருந்தது.

நான் லாரியை நிறுத்தும்போது வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. மாப்பிள்ளை கட்டைகளோடு வந்து வாசலுக்கு எதிரே நின்றான். முதலாளி அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யாரு வே இந்த நொண்டி? மொத மூட்டை உள்ள போவுத நேரம், எதுக்க நிக்கான்?"

அவருக்கு அவனைத் தெரியவில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

"ஒங்க மொதக் கடைக்கு உப்பு உருவின ஆளு, மொதலாளி" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அப்பமே ராசியில்லாதவன்தான். அங்கிட்டுப் போயி இருக்கச் சொல்லும்" என்றார்.

சொல்ல வேண்டிய வேலையே எனக்கு வரவில்லை. மாப்பிள்ளை காதில் விழுந்துவிட்டது. இரண்டு கட்டைகளையும் தோளில் போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றி, தேர் நிழலில் போய் உட்கார்ந்து ஒரு சாக்கை எடுத்துத் தைக்கத் தொடங்கினான். நான் லாரிப் படியில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தேன்.

கொஞ்ச நேரம் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. ஏன் பலகையைத் திறக்கவில்லை என்று முதலாளி கேட்டார். கட்டை போடவில்லை என்றேன். போடு என்றார். கட்டை அவனிடம் இருக்கிறது, போடுகிறதும் அவன்தான், அவன் சொல்லாமல் இந்தப் பலகை திறக்காது என்றேன். அவர் சுமைக்காரர்களைப் பார்த்தார். பழைய ஆட்கள்தான், கெட்டிமேளத்துக்கு நடுவே அவனைத் தாண்டிப் போன மூத்தவனும் அவர்களில் இருந்தான். அவர்களுக்கு அன்றைக்குத்தான் முதுகெலும்பு முளைத்தது போலிருக்கிறது. சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் என் லாரி முதலாளிக்குச் சொல்லுவேன் என்றார், வேறு வண்டி கொண்டுவருவேன் என்றார், போலீஸ் என்றும் சொன்னார். எதைச் சொன்னாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் அவரே தேர் நிழலுக்குப் போனார். பட்டு வேட்டி புழுதியில் இழுபட, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து வரும்படி கூப்பிட்டார். மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தான். முதல் மூட்டை யார் தூக்கினாலும் சரி, துண்டை உனக்கே போடுகிறேன், வா என்றார். அப்போதுதான் அவன் ஊசியை நிறுத்தினான்.

"ராகு காலம் பொறக்கட்டும், மொதலாளி. ராசியில்லாதவனுக்கு அதான நல்ல நேரம்."

சொன்னபடியே செய்தான். பன்னிரண்டு அடித்த பிறகு எழுந்து வந்து, கோலத்தின் நடுவிலேயே இரண்டு கட்டைகளையும் கொடுத்து, காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, திறக்கலாம் என்றான். நான் திறந்தேன். வண்டி அசையவில்லை. ஆனால் உப்பை உள்ளே எடுத்துப்போக இப்போது முதலாளிக்கு மனசில்லை. ராகு காலம் முடிகிறவரைக்கும் வாசல் வெயிலில் நின்றார். வந்த பெரிய மனிதர்கள் சாப்பாட்டு நேரம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மேளக்காரர்களும் வேறு ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்கள். ஒன்றரைக்கு மேல் உப்பு மூட்டை சத்தமே இல்லாமல் உள்ளே போனது. பிறகு அரிசி, பருப்பு எல்லாம் மேலிருந்து வரிசையாக இறங்கின. ஒரு மணி சிந்தவில்லை, ஒருவனுக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை முதலாளி முன்னால் போய் நின்று, தோளைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினான். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாக்குக் கொடுத்ததை எல்லோரும் கேட்டிருந்தோம். தாம்பாளத்திலிருந்த புதுத் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். மாப்பிள்ளை அதை எடுத்து நாலாக மடித்தான். கடைவாசலிலேயே கீழே போட்டு, அதன்மேல் கோணல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, கிழிந்த சாக்கை மடியில் இழுத்துப் போட்டுத் தைக்க ஆரம்பித்தான்.